யாரைக் காண வந்தீர்?

பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது பிரான்சு நாட்டில் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். காரைக்கால் வாசகர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஒப்பந்தம் இடமளித்தது. அதன் பயனாய் நம் ஊரின் பல குடும்பங்களுக்குப் பாரிசு நகரில் உற்றாரும் உறவினரும் உண்டு.

அம்மாணவர் சென்ற கோடை விடுமுறையில் மனைவி மக்களுடன் அந்நாட்டின் தென்கடற்கரைக்குச் சென்றிருக்கிறார். நீஸ் நகருக்கும் மொனாக்கோவுக்கும் இடையே, மத்தியதரைக் கடலுக்கு மேலே நானூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பாறை முகடு ஒன்றின்மீது பருந்துக் கூடு போல் அமைந்திருக்கும் ஏஸ் என்னும் பழைய சிற்றூரை அவர்கள் கண்டிருக்கிறார்கள். கடல் வழியே வரும் பகைக்கு அஞ்சிய மக்கள், மலையுச்சியில் கல் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி வாழ்ந்த ஊர் அது. அவ்வூரின் கோட்டையைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1706இல் இடிக்கச் செய்தார். கோட்டை நின்ற உச்சியில் இன்று கள்ளிச் செடிகளின் தோட்டம் ஒன்று இருக்கிறது. கல் வீடுகளிற் பல கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. உலகெங்கிலுமிருந்து மக்கள் அதனைக் காண வருகிறார்கள்.

அவ்வூரின் அழகை இரண்டு பக்கங்களில் வருணித்த மாணவர், மூன்றாம் பக்கத்தில் இவ்வாறு எழுதியிருந்தார்: “ஹஜ்ரத், எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் ஒரு சந்தில் நாங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேல்வீட்டிலிருந்த ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார். அவர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. என்றாலும் திரும்பி வரும் வழியெல்லாம் என் நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று மார்க்கம் சொல்கிறதே. நாங்கள் பார்க்கத்தானே போனோம்? என்ன பிழை செய்தோம்?”

இக்கேள்விக்கு இரண்டு வரியில் விடை எழுதிவிடலாம் என்றெண்ணிப் பேனாவை எடுத்தோம். எழுத இயலவில்லை. அச்சன்னலை நாமும் ஒருமுறை சாத்த வைத்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே மாணவருக்கு எழுத வேண்டிய மடலை, வாசகர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

காவிரிக் கழிமுகத்தில் மலை ஏது? கோடியக்கரையில் இராமர் பாதம் என்று வழங்கும் மணல்மேட்டைக் காட்டி, இதுதான் இவ்வட்டாரத்தின் உயர்ந்த இடம் என்று சொல்வார்கள். எனவே மலைமேல் அமைந்த கடலூரைக் காண வழியில்லாத நாம், கடலோரத்துப் பழைய ஊரைக் காண வேண்டுமென்றால் தரங்கம்பாடிக்குத்தான் போவோம். காரைக்காலிலிருந்து வடக்கே நண்டலாற்றைக் கடந்து, பொறையாற்றைத் தாண்டினால் சுமார் 15 கிலோமீட்டரில் அவ்வூர் வந்துவிடும்.

தரங்கம்பாடியின் பழமை டேனியர்களோடு தொடங்குவதன்று. பாண்டியன் குலசேகரன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் தூதரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் இங்கே கோட்டை கட்டினர். ஏஸ் ஊரின் கோட்டை இடிக்கப்பட்ட அதே 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு என்னும் செர்மானியப் பாதிரியார் இங்கே வந்து இறங்கினார்; சில ஆண்டுகளில் தமிழ் அச்சுக்கூடமும் வந்தது. 1792இல் ஊர் வாயில் இப்போதுள்ள வடிவில் எழுந்தது. 1845இல் டேனியர், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, இவ்வூரைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கும்பினியாரிடம் விற்றுவிட்டுப் போயினர். ஊரை வாங்கியவர் பெயரும் விற்றவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. அன்று அவ்வூரில் குடியிருந்தவர்களை எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதற்கு மட்டும் ஏடு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மதரஸா மாணவர் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். ஊர் வாயிலில் நின்று ஆண்டுகளைச் சொன்னோம். இராஜ வீதியில் நடந்து வீடுகளைச் சுட்டினோம். கோட்டை மதிலோரம், அலை தடுக்கப் போட்ட கருங்கற்களுக்கு அருகே, முதியவர் ஒருவர் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நாம் அவரை நோக்கி விரலை நீட்டி, “பிள்ளைகளே, இதைப் பாருங்கள். நம் முன்னோர் காலத்திலிருந்து வலை பின்னும் முறை இது” என்று விளக்கினோம்.

முதியவர் தலை நிமிர்ந்தார். “யாரைப் பார்க்க வந்தீங்க?” என்று கேட்டார்.

“கோட்டையைப் பார்க்க வந்தோம்” என்றோம்.

“கோட்டை அந்தப் பக்கமில்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் வலையில் கை வைத்தார். அது நைலான் வலை என்பதை அப்போதுதான் கவனித்தோம். மாணவர்கள் நம் முகத்தைப் பார்த்தார்கள். நாம் கோட்டையைப் பார்த்தோம்.

அன்று வீடு திரும்பும் வரை அக்கேள்வி நம்மோடு வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர் எதற்குள்ளும் புதியவராக நுழைந்து பாருங்கள். தெருமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது இக்கேள்வியையே. “எதைப் பார்க்க வந்தீர்கள்?” என்று எவரும் கேட்பதில்லை. ஓர் ஊருக்கு மனிதர் வருவது மனிதரைத் தேடியே என்பது அவர்களுக்கு ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. யாரை என்று கேட்டவருக்கு எதை என்று விடை சொன்னோமே, அங்கேதான் நம் பிழை.

அரபு இலக்கணத்தின் முதற் பாடங்களில் ஒன்றை நாம் நாற்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். அறிவுடையோரைக் குறித்துக் கேட்கும் சொல் ‘மன்’; அறிவில்லாத பொருளைக் குறித்துக் கேட்கும் சொல் ‘மா’. தமிழிலக்கணமும் உயர்திணை, அஃறிணை என்று பகுத்து, யாரென்றும் எதுவென்றும் வினாவைப் பிரித்து வைத்திருக்கிறது. எந்தச் சிறுவன் இதில் தவறினாலும் நாம் கண்டித்துத் திருத்தியிருக்கிறோம். தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓர் உயர்திணையைச் சுட்டி “இது” என்றோமே, அந்த வழுவைத் திருத்த அம்முதியவர் வேண்டியிருந்தது.

இதனினும் நுட்பமான பாடம் ஒன்று உண்டு. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும் திருமறை அத்தியாயத்தில், எகிப்திலிருந்து திரும்பிய மக்கள், தங்கள் சொல்லை நம்பாவிட்டால் தாங்கள் இருந்துவந்த ஊரையே கேட்டுக்கொள்ளும்படி தந்தையிடம் முறையிடும் இடம் வருகிறது. ஊர் பேசுமா? சுவரும் தெருவும் சாட்சி சொல்லுமா? ஊர் என்றது ஊராரை என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். சொல்லணி கற்பிக்கும் நூல்கள் இதனை எடுத்துக்காட்டாக ஆளுகின்றன. தமிழில் இது இடவாகுபெயர். ஊர் சிரித்தது, ஊர் கூடித் தேர் இழுத்தது, ஊர் என்ன சொல்லுமோ என்றெல்லாம் நாள்தோறும் பேசுகிறோம். இவ்விரு மொழிகளிலும் ஊர் என்னும் சொல்லைத் திறந்தால் உள்ளே இருப்பவர் மக்கள். சுற்றுலா என்னும் புதிய வழக்கு அச்சொல்லைத் தலைகீழாக்கிவிட்டது. அதில் ஊர் என்றால் சுவரும் சன்னலும் கடற்காட்சியும். மக்கள் அக்காட்சியில் வந்து விழும் நிழல்கள். சில வேளை படத்தை மறைக்கும் தடைகள்.

இனி மாணவர் கேட்ட மார்க்கக் கேள்விக்கு வருவோம். பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருமறை பல இடங்களில் ஏவுகிறது என்பது உண்மையே. ஆனால் அவ்விடங்களில் ஒன்றான 22ஆம் அத்தியாயத்தை ஊன்றி ஓதுவோர் அங்கே ஓர் எச்சரிக்கையையும் காண்பர். பயணத்தின் பயன் விளங்கிக்கொள்ளும் இதயமும் செவியேற்கும் காதும் வாய்ப்பதே என்றும், குருடாவது முகத்துக் கண்களன்று, நெஞ்சில் உள்ள இதயமே என்றும் அவ்வசனத்தின் கருத்து செல்கிறது. கண்ணோடு காதையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். காட்சிக்குக் கண் போதும். காது எதற்கு? அங்குள்ளோர் சொல்வதைக் கேட்பதற்கு.

இவ்விதம் பார்த்துத் தெளியும் படிப்பினைக்கு அரபியில் ‘இப்ரத்’ என்று பெயர். ஆற்றைக் கடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. கண்டதன் கரையில் நின்றுவிடாமல், அதன் அக்கரைக்குக் கடந்து போவதே இப்ரத். இதில் நமக்கென்று ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அதே வேரிலிருந்து பிறந்த ‘மஅபர்’ என்னும் சொல்லைத்தான் பழைய அரபு மாலுமிகளும் வரலாற்றாசிரியர்களும் நம்முடைய இந்தச் சோழமண்டலக் கரைக்குப் பெயராக வழங்கினர். மஅபர் என்றால் கடக்கும் இடம், துறை. கடக்குமிடம் என்று பெயர் பெற்ற கரையில் பிறந்த நாம், பிற ஊர்களின் கரையிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பலாமா?

பார்வைக்கு மார்க்கம் வரம்பு கட்டியிருக்கிறது. சூரத்துந் நூர் என்னும் 24ஆம் அத்தியாயம், பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, அவ்வீட்டாருக்கு ஸலாம் உரைத்தே நுழைய வேண்டும் என விதிக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்குள் ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று உணர்த்தியதாக ஹதீஸ் உண்டு. கால் உள்ளே நுழைவதற்கு முன்பே கண் நுழைந்துவிடுகிறது. கண் நுழைந்த பின் கால் மட்டும் வாசலில் நின்று என்ன பயன்? தெருவுக்கும் உரிமை உண்டு. தெருவில் அமர வேண்டியவர்கள் பார்வையைத் தாழ்த்தவும், பிறருக்கு இடர் செய்யாதிருக்கவும், ஸலாமுக்குப் பதில் உரைக்கவும் வேண்டும் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். இன்று துவாரம் நம் கைபேசியில் இருக்கிறது. நமது விருப்பத்துக்கு அது பிறர் திண்ணையையும் முற்றத்தையும் திறந்து காட்டுகிறது.

ஆளில்லாத பாழூருக்குக் கூட இவ்வொழுக்கம் உண்டு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தபூக் படையெடுப்பின் வழியில், மலைகளைக் குடைந்து வாழ்ந்த ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் என்னும் இடத்தைக் கடந்தபோது, அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழையாதீர்கள் என்று தோழர்களைத் தடுத்து, தம் தலையை மூடிக்கொண்டு விரைந்து அப்பால் சென்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அதே இடம் 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் திரளும் இடமாக விளங்குகிறது. அடக்கத்தலங்களுக்குச் செல்வோரும், மண்ணில் உறங்குவோருக்கு முதலில் ஸலாம் சொல்லவே பணிக்கப்பட்டிருக்கிறார்கள். இறந்தவருக்கு நாம் காட்டும் இம்மரியாதை, உயிரோடு திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு இல்லையென்றால் அது எந்த மார்க்கம்?

நம் கரைக்கு வந்த பயணிகள் இருவரை இங்கே நினைவுகூர்வோம். 14ஆம் நூற்றாண்டில் மஅபருக்கு வந்த இப்னு பதூதா, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனின் விருந்தினர், உறவினரும் கூட. சுல்தான் அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர். பத்தன் என்னும் துறைமுகத்துக் கல் பள்ளிவாசலின் அழகை அவர் எழுதினார். ஆனால் அதனோடு நிறுத்தவில்லை. பிடிபட்ட எளிய இந்து மக்களைச் சுல்தானின் படையினர் கழுவேற்றியதையும், அவர்தம் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதையும் எழுதி, வேறெந்த அரசனிடமும் காணாத கொடுமை இது என வெறுத்து, சுல்தானின் மரணத்தை இறைவன் விரைவாக்கியதற்கு இதுவே காரணம் என்றும் துணிந்து பதிவு செய்தார். தம் மார்க்கத்தவர், தம் உறவினர், தமக்கு உணவளித்தவர் என்று அவர் பார்க்கவில்லை. உறவுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளாத பார்வை அது.

மற்றவர் சீகன்பால்கு. அவர் நம் மார்க்கத்துக்கு மாறான கொள்கையைப் பரப்ப வந்தவர். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் நீதியைச் சொல்லத்தான் வேண்டும். தரங்கம்பாடிக்கு வந்த அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பது வரலாறு. பின்னர் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்கள் எழுதிய விடைகளைத் தம் நாட்டாருக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். மாற்றுக் கொள்கையினர் ஒருவர் ஊரைக் கேட்டறிந்தார். நாமோ அவ்வூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் பிறந்தும் விரலை நீட்டிவிட்டுத் திரும்பினோம்.

இது நமக்குக் கசப்பாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. காரைக்காலில் நம்முடைய பழைய வீடு முன்புறம் மரத்தூண்களும் நீண்ட திண்ணையும் உடையது. உம்மா உயிரோடிருந்த காலத்தில், அஸருக்குப் பின் அத்திண்ணையில் தஸ்பீஹும் கையுமாக அமர்ந்திருப்பார்கள். ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த இளைஞர் நால்வர் வீட்டையும் தூணையும் உம்மாவையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து திரும்பிய நாம் அதைக் கண்டு சினந்து, அவர்களை அதட்டி அனுப்பிவிட்டோம். முக்காட்டை இழுத்து மூடியபடி உம்மா கேட்டார்கள்: “ஏன் தம்பி, வெயில்ல வந்த புள்ளைங்களாச்சே, தண்ணி குடிக்கிறீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

இல்லை என்றோம். உம்மா அதற்குமேல் பேசவில்லை. அவ்விளைஞர்கள் கண்டது ஒரு பழைய வீடு. நாம் கண்டது நாலு அத்துமீறிகள். அந்தத் தெருவில் அன்று மனிதரைக் கண்டவர், எவருடைய கண்ணிலும் மனிதராகப் படாத உம்மா ஒருவரே. அவர்கள் மதரஸாவில் இலக்கணம் படித்ததில்லை. ‘மன்’னுக்கும் ‘மா’வுக்கும் வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு மறுப்பாகச் சில சொல்லலாம். அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இறைவன் அழகன், அழகை விரும்புகிறான் என்ற கருத்துடைய ஹதீஸை எடுத்துக்காட்டி, அழகிய ஊரைக் கண்டு மகிழ்வதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். குற்றமே இல்லை. கடலும் காற்றும் பழைய சுவரில் விழும் மாலை வெயிலும் வல்ல நாயனின் அருட்கொடைகள். ஆயினும் சுவரில் உதிரும் காரை நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும்போது, அதற்குள் குடியிருப்பவருக்கு அது மழைக்கு ஒழுகும் கூரையாக இருக்கலாம் என்னும் நினைவு வேண்டும். அந்நினைவு அழகைக் கெடுக்காது. அழகு பார்ப்பவனின் உள்ளம் கெட்டுப்போகாமல் காக்கும்.

வருவோரால் ஊருக்கு வருமானம் உண்டே என்று கேட்கலாம். அதுவும் உண்மையே. இளநீர் விற்பவருக்கும் மீன் வறுத்து விற்கும் பெண்ணுக்கும் அன்றைய அடுப்பு அதனால் எரிகிறது. ஆகுமான உழைப்பின் கூலியை நாம் இகழோம். எனினும் பயன் யாரிடம் சேர்கிறது என்று கேட்பது நம் கடமை. காட்சியைத் தருபவர் ஒருவராகவும் காசைப் பெறுபவர் வேறொருவராகவும் இருந்தால், குடியிருப்பவர் சொந்த ஊரிலேயே காட்சிப் பொருளாகிவிடுகிறார்.

மூன்றாவது மறுப்பே வன்மையானது. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களன்றோ தரங்கம்பாடியின் பழைய கட்டடங்களைக் காப்பாற்றினார்கள்? டென்மார்க்கிலிருந்து வந்தோரின் ஆர்வமும் உதவியும் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் செப்பனிடுவதில் பங்கு கொண்டன. இங்கே நாம் தலைகுனிய வேண்டும். காரைக்காலில் தேக்குத் தூண்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட எத்தனையோ வீடுகளை, பாகப் பிரிவினைக்காகவும் புது மோஸ்தருக்காகவும் நாமே இடித்தோம். தூண்களை விறகு விலைக்கு விற்றோம். உம்மா அமர்ந்த திண்ணையும் இன்று இல்லை. அவ்விடத்தில் வாகனம் நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. அந்த இளைஞர்கள் எடுத்த படம் எங்கேனும் இருந்தால், அத்திண்ணைக்கு இன்று எஞ்சியுள்ள சான்று அது ஒன்றே. அவர்களிடம் ஒரு டம்ளர் தண்ணீரும் முகவரியும் கொடுத்திருந்தால், அப்படம் நம் கைக்கும் வந்திருக்கும்.

ஆகவே வெளியார் பார்வையே தீது என்று நாம் சொல்ல வரவில்லை. உள்ளிருப்பவன் காணத் தவறுவதை வருபவன் காண்பதுண்டு. வருபவன் அறியாததை உள்ளிருப்பவன் அறிவான். இவ்விரண்டும் ஒன்று சேர ஒரே வழி, இருவரும் பேசிக்கொள்வது. பேச்சுக்கு வாசல் ஸலாம்; மாற்றுச் சமயத்தவரிடம் வணக்கமும் நலம் விசாரிப்பும்.

முதியவரின் கேள்வியை ஓராண்டு சுமந்த பிறகு, மாணவர் எவருமின்றித் தனியே மீண்டும் தரங்கம்பாடிக்குச் சென்றோம். அவர் அதே மதிலோரம் இருந்தார். வணக்கம் சொன்னோம். “இந்தத் தடவை யாரைப் பார்க்க வந்தீங்க?” என்றார், நம்மை அடையாளம் கண்டுகொண்டு. “உங்களைத்தான்” என்றோம். சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, அமர்வதற்குக் கல் ஒன்றைக் காட்டினார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையைப் பற்றி நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாள் அது. அப்போது தரங்கம்பாடி அம்மாவட்டத்தில் இருந்தது; 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏஸ் ஊரார் பகைக்கு அஞ்சி மலை ஏறினர். இங்கே ஏறிக்கொள்ள மலை இல்லை. கடலோரம் வாழ்ந்தவர்களுக்குப் பின்னர் உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். முதியவரும் அங்கேதான் குடியிருக்கிறார். ஆனால் படகும் வலையும் தொழிலும் கரையில் இருப்பதால், வைகறையில் நடந்து வந்து இருட்டிய பிறகு திரும்புகிறார். பேச்சின் இடையே கடல் பக்கம் விரலை நீட்டி, “அங்கதான் எங்க வீடு இருந்தது” என்றார். அவர் காட்டிய இடத்தில் வெறும் மணல் இருந்தது. அம்மணலில் நின்று இரண்டு பேர் கோட்டையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு பார்த்த அதே ஊர்தான். ஆனால் அன்று நம் கண்ணுக்கு ஒரு தெரு முழுவதும் கூடுதலாகத் தெரிந்தது. அது எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத தெரு. கேட்டதால் கிடைத்தது.

அன்புள்ள மாணவரே, உமக்கு நாம் எழுத வேண்டியது இவ்வளவே. நீர் மலையூருக்குப் போனது பிழையன்று. குழந்தைகளுக்கு அதைக் காட்டியதும் பிழையன்று. மறுமுறை போக வாய்த்தால், அச்சந்தில் நின்று முதலில் மேலே பார்த்து, அந்நாட்டு முறையில் அம்மூதாட்டிக்கு ஒரு காலை வணக்கம் சொல்லும். படம் எடுக்கலாமா என்று கேளும். வேண்டாம் என்றால் கருவியை மூடிப் பையில் வையும். மறுப்பை நன்றியோடு ஏற்பதும் விருந்தினனின் கடமையே. அவர் பேச விரும்பினால் நின்று கேளும். உம் குழந்தைகள் சுவரின் வயதை மறந்துவிடுவார்கள். அத்தாயாரின் பெயரை மறக்கமாட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் இன்னொன்றையும் செய்யும். காரைக்காலில் உம் பெரியத்தாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்பதா இடிப்பதா என்று உம் சகோதரர்கள் ஆலோசிக்கிறார்கள் என அறிகிறோம். முடிவு எதுவானாலும், அதற்கு முன் ஒருமுறை வந்து, அத்தெருவில் எஞ்சியிருக்கும் முதியோரின் அருகே அமர்ந்து, அவ்வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டு எழுதி வையும். தெருமுனையில் எவரேனும் உம்மை நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர் என்று கேட்பார்கள். அப்போது சொல்வதற்கு உம்மிடம் ஒரு பெயர் இருக்கட்டும்.

பார்வையைத் தந்த ரஹ்மான், பார்க்கப்படுவோரின் மானத்தைப் பேணும் பண்பையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.